டிவி கேம் ரிமோட்டில் செய்த கீ செயின்: பட்டன் ஜோர், ரெசின் வேண்டாம்

பரணில் கிடந்த டிவி கேமைக் காயலான் கடையில் போடப் போகிறேன் என்று அம்மா சொன்ன அன்றுதான் இந்த வேலை ஆரம்பித்தது. பெட்டிக்கு உயிர் போய்ப் பல வருடம், அடாப்டரைக் காணோம், ஒரு ரிமோட்டின் ஒயரை எலி வேறு கடித்திருந்தது. பழைய கேம் பாகங்களில் கீ செயின் செய்து தரும் ஒருவரை ஆன்லைனில் பிடித்து (பெயர் வேண்டாம், கீழே திட்டப் போகிறேன்) அந்த ரிமோட்டையும் ஒரு மஞ்சள் கேசட்டையும் கூரியரில் அனுப்பினேன். மூன்று கீ செயின், 1,050 ரூபாய், கூரியர் தனி. மூன்று வாரத்தில் வந்தது. ஆறு மாதமாகக் கையில் இருக்கிறது.

முதலில் பிளஸ் பட்டன். ரிமோட்டின் இடது ஓரத்தை அப்படியே அறுத்து, உள்ளே இருந்த ரப்பரையும் அதற்குக் கீழே இருக்கும் போர்டுத் துண்டையும் எடுக்காமல் விட்டிருக்கிறார். ரகசியமே அதில்தான். அந்த ரப்பரில் நான்கு மூலைக்கும் ஒரு கருப்புக் கார்பன் பொட்டு உண்டு, அழுத்தினால் அது போர்டில் போய் ஒட்டும், விட்டால் ரப்பர் தானாக மேலே தள்ளும். அதனால் இப்போதும் பட்டன் கட்டைவிரலுக்கு அமுங்கி எழுகிறது. சிக்னலில் நிற்கும்போது தன்னாலே மேலே மேலே கீழே கீழே என்று விரல் ஓடுகிறது, அது கான்ட்ரா கேமின் ரகசியக் குறுக்குவழி, ஆடியவர்களுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. வளையத்துக்குப் புதிதாகத் துளை போடாமல் பழைய ஸ்க்ரூ தூணின் ஓட்டையையே பயன்படுத்தியிருப்பதால் பிளாஸ்டிக் விரிசல் விடவில்லை. அறுத்த ஓரத்தையும் உப்புக் காகிதம் போட்டு நன்றாகத் தேய்த்திருக்கிறார், பாக்கெட் துணியில் சிக்குவதில்லை.

டெர்மினேட்டர் மாதிரி நம்மூரில் வந்த டிவி கேம்கள் பெரும்பாலும் நின்டெண்டோ கம்பெனி 1983இல் ஜப்பானில் விட்ட ஃபாமிகாம் என்ற கேம் பெட்டியின் நகல்கள்தான். இந்தப் பிளஸ் பட்டனும் அங்கிருந்து வந்தது. அதற்கு முந்தைய வருடம் நின்டெண்டோவின் குன்பேய் யோகோய் டாங்கி காங் என்ற கையடக்க கேமுக்காகப் போட்ட வடிவம். இப்போது புதிதாக அச்சில் வார்த்த பொம்மைப் பட்டனையும் ‘பழைய பாகம்’ என்று விற்கிறார்கள், வாங்குவதற்கு முன் பின்பக்கப் படம் கேளுங்கள். நிஜப் பட்டன் என்றால் நடுவில் ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும், பட்டன் எல்லாப் பக்கமும் சாய்வது அதன் மேல்தான். பொம்மை என்றால் பின்னால் வெறும் சப்பை.

இரண்டாவது, ஏ, பி பட்டன் ஜோடி. இதுவும் அதே முறைதான், குறை ஒன்றும் இல்லை. பி எழுத்து பாதி அழிந்திருந்தது, புதுசாகப் பெயிண்ட் அடித்துத் தரட்டுமா ப்ரோ என்று கேட்டார், தொடவே வேண்டாம் என்றேன். அந்தத் தேய்மானம் என் தம்பியின் பத்து வருட உழைப்பு.

இனி மூன்றாவது. கேசட்டின் உள் போர்டை ரெசினில் (ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் பிசின்) மூழ்கடித்துக் கொடுத்தது. கேசட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவ்வளவு பெரிய டப்பாவுக்குள் சின்னதாய் ஒரு போர்டு, நடுவில் ஒரு கருப்புத் தார்ப் பொட்டு, கீழே அறுபது உலோகப் பின். படத்தில் அருமையாக இருந்தது. கையில் வந்தால் இரண்டு தீப்பெட்டியை அடுக்கிய தடிமன். அந்தப் பின்களின் வரிசை முழுக்கக் காற்றுக் குமிழி, ரெசினை ஊற்றும்போது பொறுமை இல்லை என்று பார்த்தாலே தெரிகிறது. வெயிலில் நிற்கும் வண்டியிலேயே தொங்கியதில் நான்காம் மாதம் மஞ்சளடித்துவிட்டது, சாவி உரசி உரசி இப்போது உள்ளே இருப்பது கண்ணுக்கே தெரிவதில்லை. ஊதி ஊதிச் சொருகிய கேசட் ஐயா அது! (ஊதியதால் அது ஓடவில்லை, கழற்றித் திரும்பச் சொருகியதால்தான் ஓடியது, எச்சில் ஈரம் பின்னை அரிக்கத்தான் செய்யும் என்று பிற்பாடுதான் தெரிந்தது.)

மிச்சப் பாகங்களைத் திருப்பி அனுப்புங்கள் என்று இரண்டு முறை சொல்லியிருந்தேன், வரவில்லை. கேசட் மேல் ஒட்டியிருந்த ‘999999 இன் 1’ ஸ்டிக்கரும் சேர்ந்து போனது. கேட்டால், குப்பையோடு போயிருக்கும் ப்ரோ என்கிறார். எனக்கு இதில்தான் கோபம், ரெசினைக்கூட மன்னித்துவிடலாம்.

ரெசின் வேண்டாம் என்று போர்டை வெறுமனே கேட்பவர்களுக்கு ஒன்று: அந்தக் காலத்துப் பற்றவைப்பில் ஈயம் உண்டு. சாவியை வாயில் வைக்கும் வயதில் வீட்டில் குழந்தை இருந்தால் பட்டனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம், ஓடுகிற பெட்டியை இதற்காக உடைக்காதீர்கள், செத்த ரிமோட் எத்தனையோ கிடைக்கும்.

பிளஸ் பட்டனுக்கு ஐந்துக்கு ஐந்து, ரெசினுக்கு ஒன்று. பரணில் வாத்து சுடும் டிவி கேம் துப்பாக்கி இன்னும் இருக்கிறது, அதன் விசையை மட்டும் கீ செயினாக்க முடியுமா என்று கேட்டு வைத்திருக்கிறேன். ஸ்பிரிங்கோடு நிற்குமா என்று பார்த்துச் சொல்கிறாராம். இந்த முறை துப்பாக்கியை மொத்தமாக அனுப்ப மாட்டேன், விசையைக் கழற்றி அதை மட்டும்தான்.