‘இம்போர்ட்டட்’ மிக்சர் வாங்கப் போகிறவர்களுக்கு: வோல்ட் ரேட்டிங்கை மறைத்து விற்கிறார்கள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் யாராவது வெளிநாட்டு மிக்சர், ஓவன், காபி மெஷின் வாங்கும் யோசனையில் இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்னால் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். என் அக்காவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

அக்கா காவேரிப்பட்டணத்தில் வீட்டிலிருந்தே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறாள். கையில் பிடிக்கிற பீட்டரால் கிரீம் அடித்து அடித்துத் தோள்பட்டை போய்விட்டது. அதனால் கிண்ணத்தோடு வரும் ஸ்டாண்ட் மிக்சர் ஒன்று வாங்கலாம் என்று, சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி டவுனில் இறக்குமதிச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். அமெரிக்க மாடல், மெட்டல் பாடி, 26,000 ரூபாய். அக்கா கேட்ட முதல் கேள்வியே, “நம்ம ஊர் கரண்டுக்கு இது ஓடுமா?” என்பதுதான். கடைக்காரர் கொஞ்சமும் தயங்கவில்லை. “தாராளமா ஓடும் மேடம். பின் மட்டும்தான் வேற மாதிரி. அதுக்கு அடாப்டர் நாங்களே தர்றோம்” என்றார். பில்லிலும் ‘அடாப்டருடன்’ என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் அலறியது. உடனே ‘பட்’டென்று ஒரு சத்தம், கருகிய வாடை, புகை. அக்கா சட்டென்று அணைத்துவிட்டாள்.

கடைக்குப் போன் செய்தால் பழி எங்கள் மேல் விழுந்தது. “உங்க ஏரியாவுல வோல்டேஜ் ஏறி இறங்கும் மேடம். ஸ்டெபிலைசர் போடாம ஓட்டினா இப்படித்தான். வாரண்டியில வராது.” எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இங்கேதான். அதே லைனில் ஃபிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பகலில் 228 வோல்ட், ராத்திரி 234. நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (மின்சார அலை நொடிக்கு 50 முறை வருகிறது என்று அர்த்தம்). லைனில் ஒரு குறையும் இல்லை.

பழையபேட்டையில் மோட்டார் வைண்டிங் செய்யும் ஓர் அண்ணனிடம் மெஷினைக் கொண்டுபோனேன். அவர் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை. மெஷினைக் கவிழ்த்து, அடியில் கடைக்காரர் ஒட்டியிருந்த பெரிய விலை ஸ்டிக்கரை பிளேடால் மெல்ல உரித்தார். கீழே, மெஷின் எந்தக் கரண்டில் ஓடும் என்று கம்பெனி அச்சிட்ட ரேட்டிங் பிளேட்: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 325 வாட். அடிப்பாகம் முழுவதும் காலியாகக் கிடக்க, விலை ஸ்டிக்கர் சரியாக அந்த எழுத்துகளின் மேல் மட்டும் எப்படி வந்து உட்காரும்? பிறகு கடைக்குப் போனபோது அங்கே இருந்த பிளெண்டர், டோஸ்டர்களையும் திருப்பிப் பார்த்தேன். பார்த்ததில் எல்லாம் அதே இடத்தில்தான் ஸ்டிக்கர்.

அடாப்டர் என்பது பின்னின் வடிவத்தை மாற்றும் ஒரு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். வோல்டேஜை அது தொடுவதே இல்லை. 120 வோல்ட் மெஷினுக்குள் 230 வோல்ட் அப்படியே போகிறது. சூடாக்கும் காயில் உள்ள பொருளாக இருந்தால், வோல்டேஜ் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்போது வாட் மூன்றரை மடங்குக்கும் மேல் போகும். ஜப்பானில் 100 வோல்ட். அங்கிருந்து வந்த ரைஸ் குக்கரை நேராகச் செருகினால் ஐந்து மடங்குக்கு மேல். எரியாமல் என்ன செய்யும்?

அக்காவின் மெஷின் தப்பியதற்குக் காரணம், உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் கரண்ட் நுழைகிற இடத்தில் உள்ள வேரிஸ்டர் என்கிற சின்ன வட்ட வில்லை. அளவுக்கு மீறிய வோல்டேஜ் வந்தால் அது தன் வழியாகக் கரண்டை இழுத்துக்கொண்டு ஃபியூஸைப் போக்கிவிடும். நாங்கள் கேட்ட ‘பட்’ அதுதான். வில்லை வெடித்து, ஃபியூஸ் போயிருந்தது. மோட்டாரில் சுழலும் பகுதியான ஆர்மேச்சரை மீட்டர் வைத்துப் பார்த்ததில் நன்றாக இருந்தது.

ரேட்டிங் பிளேட்டின் போட்டோவோடு கடைக்குப் போனோம். வோல்டேஜ் ஏறி இறங்குகிற கதை அப்படியே நின்றுபோனது. பணம் திரும்பி வரவில்லை. “சரி, 2,800 ரூபா கன்வர்ட்டர் இருக்கு, உங்களுக்காக பாதி விலைக்குத் தர்றேன்” என்று உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றை நீட்டினார். மேலே ‘1600 வாட்’ என்று போட்டிருந்தது. எடையே இல்லை. பணம் தராமல், மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத் தருகிறோம் என்று வாங்கி வந்தோம்.

அண்ணன் அதைத் திறந்து காட்டினார். “பாரு தம்பி, செம்பே இல்ல.” உள்ளே சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் தைரிஸ்டர் ஒன்று, இரண்டு மூன்று உதிரிகள், அவ்வளவுதான். இந்த மாதிரிப் பெட்டி வோல்டேஜை இறக்குவதில்லை. மின்சார அலையில் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்புகிறது. சராசரி குறையும், ஆனால் உச்சம் 300 வோல்ட் அளவுக்கு அப்படியே வரும். 120 வோல்ட் மெஷின் எதிர்பார்க்கிற உச்சம் 170 தான். பயணத்தில் ஹேர் டிரையர் மாதிரி வெறும் சூட்டுச் சாமானைக் கொஞ்ச நேரம் ஓட்டத்தான் அது. ஸ்பீடு கன்ட்ரோல் போர்டு உள்ள மிக்சரில் மாட்டினால் மறுபடியும் வேரிஸ்டர் போகும், இல்லை மோட்டார் திக்கித் திக்கி ஓடிச் சூடேறும். மெஷின் புகைந்த பிறகும் அதே அக்காவிடம் இதை விற்கப் பார்த்தார்கள் என்பதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

வேண்டியது வோல்டேஜை உண்மையிலேயே இறக்குகிற, செம்புச் சுற்று உள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். மோட்டார் கிளம்பும்போது அதிகமாக இழுக்கும் என்பதால், டிரான்ஸ்ஃபார்மரின் தாங்கு திறனான வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) மெஷினின் வாட்டைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அக்காவுக்கு 1,000 வி.ஏ. செய்து வாங்கினோம். அவுட்புட்டை 120 என்று வைக்காமல் 110 என்று வைக்கச் சொன்னார் அண்ணன். ராத்திரியில் லைன் 250 வரை ஏறினாலும் அப்போது 120-ஐத் தாண்டாது. எர்த்தைக் கட்டாயம் பாருங்கள். சந்தையில் கிடைக்கும் பல டிரான்ஸ்ஃபார்மர்களில் சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், உள்ளே வயர் இருக்காது. மெட்டல் பாடி மெஷினில் ஈரக் கையோடு வேலை செய்கிறவர்களுக்கு அது உயிர் விஷயம்.

60 ஹெர்ட்ஸ் விஷயம் தனி. நம் லைனின் 50 ஹெர்ட்ஸை எந்த டிரான்ஸ்ஃபார்மரும் 60 ஆக்காது. இந்த மிக்சரில் இருப்பது கார்பன் பிரஷ் உள்ள யுனிவர்சல் மோட்டார், அதனால் பாதிப்பில்லை. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த மைக்ரோவேவ் ஓவன், ஃபிரிட்ஜ் இரண்டையும் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுக்கூட வாங்காதீர்கள். இங்கே அவை கூடுதலாகச் சூடேறும். சிங்கப்பூர், துபாய், லண்டனிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் நம் வோல்டேஜ்தான், பின் மட்டும் மாற்றினால் போதும். சவூதி என்றால் கவனம்: அங்கே 60 ஹெர்ட்ஸ், பழைய வீடுகளில் 127 வோல்ட்டும் உண்டு. ‘100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருந்தால் எதற்கும் பயப்பட வேண்டாம்.

பெட்டியையும் பாருங்கள். பெட்டியில் அடைத்து விற்கும் இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பெட்டியில் ஒன்றுமே இல்லை.

பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதியபோது, “நீங்க பிசினஸுக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கேஸ் நிக்காது” என்று பதில் வந்தது. இதுவும் பொய். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய பொருள் என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவரும் நுகர்வோர்தான். பெங்களூருவில் வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து பதிவு செய்யலாம். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம்.

ஏற்கெனவே இப்படி வாங்கிப் புகைந்துபோயிருந்தால், கருகிய போர்டு, ஃபியூஸ், அடாப்டர், பெட்டி எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்டிக்கரை உரிப்பதற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். ரிப்பேர் செய்பவரிடம் என்ன பழுது, எதனால் வந்தது என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி, பில்லோடு சேர்த்து வையுங்கள்.