துணை நடுவர் கொடி: சுழல்பிடி ரகத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

துணை நடுவர்களுக்கான கொடியில் மூன்று ரகம் கிடைக்கிறது. பிளாஸ்டிக் குழாயில் துணி மாட்டிய சாதாரணக் கொடி, துணிப் பகுதி தனியாகச் சுழலும் சுழல்பிடிக் கொடி, பொத்தானை அழுத்தினால் நடுவர் கையில் கட்டிய பட்டை ஒலித்து அதிரும் பீப் கொடி. கால்பந்துக்கு என்றால் தயங்காமல் சுழல்பிடியையே வாங்குங்கள்.

கோட்டோரம் ஓடும்போது சாதாரணக் கொடியின் துணி தடியைச் சுற்றிக்கொள்ளும். ஆஃப்சைடுக்குக் கை உயர்ந்ததும், தூரத்தில் நிற்கும் நடுவருக்கு வெறும் குச்சிதான் தெரியும். உதறி விரிப்பதற்குள் ஆட்டம் நகர்ந்துவிடும். சுழல்பிடியில் உள்ளே ஒரு தடி, அதன்மேல் துணி தைத்த வெளிக்குழாய். காற்று துணியை இழுத்தால் குழாயும் சேர்ந்து திரும்பிவிடுவதால் துணி சுருள வழியில்லை. இதன் அருமை ஆஃப்சைடின் இரண்டாம் சைகையில் தெரியும். நடுவர் விசில் ஊதியதும், தவறு நடந்தது எதிர்ப்புறம் என்றால் கொடி மேல்நோக்கிச் சாய வேண்டும், நடுவில் என்றால் கிடையாக, அருகில் என்றால் கீழ்நோக்கி. கிடையாக நீட்டும்போது சுழல்பிடியில் துணி தானாகவே முழுதாக விரிந்து தொங்கும். மணிக்கட்டைத் திருப்ப வேண்டாம்.

கடையில் சோதிப்பது எளிது. கொடியைக் கிடையாகப் பிடித்துக் கைப்பிடியை மெல்லத் திருப்புங்கள். துணி அசையாமல் தொங்கினால் நல்ல மூட்டு. கூடவே சுற்றி வந்தால் இறுக்கம், வாங்காதீர்கள். அடுத்து நுனி மூடியை இழுத்துப் பாருங்கள். வெளிக்குழாய் கழன்று பறக்காமல் தடுப்பது அதுதான். வெறும் பசையில் நிற்கும் மூடி வெயிலில் விட்டுவிடும், திருகு போட்டதே நம்பகமானது.

துணி மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி மழையில் கனத்துத் தடியோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் பிரிவது எப்போதும் காற்றில் அடிபடும் வெளி மூலைகள்தான். அங்கே இரட்டைத் தையல் இல்லாவிட்டால் வாங்கியதுமே தையல்காரரிடம் கொடுத்து மடித்து அடித்துவிடுங்கள். நிறத்தைப் பொறுத்தவரை, செம்மண் மைதானத்தில் தாழப் பிடித்த சிவப்புக் கொடி மண்ணோடு கலந்துவிடும். மஞ்சளும் சிவப்பும் கட்டம் போட்டது எந்தப் பின்னணியிலும் எடுபடும்.

பலவீனம் கைப்பிடியில். நுரைப்பிடி வியர்வையில் ஊறித் தடியிலிருந்து விட்டு, கைக்குள்ளேயே வழுக்கும். கொடியைக் கை மாற்றுவது இடுப்புக்குக் கீழே நடக்க வேண்டும் என்று கால்பந்து விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி அமைப்பு வழிகாட்டுகிறது. பிடி வழுக்கினால் அந்த இடத்தில்தான் கொடி நழுவும். பேட்மிண்டன் மட்டைக்குச் சுற்றும் கிரிப் டேப்பை நுரையின் மேல் இறுக்கிச் சுற்றினால் தீர்ந்தது.

ரக்பிக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. பந்து பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே (டச்) போனால் ஒரு கையில் கொடியை உயர்த்தி, மறு கையால் எறியும் அணியின் பக்கம் காட்டி நிற்கிறார்கள். கோல் உதைக்குக் கம்பத்தருகே நின்று, பந்து குறுக்குக் கம்பிக்கு மேலே இரு கம்பங்களுக்கு இடையே போனால் உயர்த்துகிறார்கள். முரட்டு ஆட்டத்தைக் கண்டால் கொடியைப் பக்கக் கோட்டுக்குச் செங்கோணத்தில் மைதானத்தின் உள்பக்கம் கிடையாக நீட்டுகிறார்கள். எல்லாமே சற்று நேரம் நிலைத்து நிற்கும் சைகைகள், துணியை உதறிவிட அவகாசம் உண்டு. கெட்டித் தையல் உள்ள சாதாரணக் கொடி போதும்.

பீப் கொடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒலி நடுவரின் கவனத்தைத் திருப்பும் கூடுதல் சைகை மட்டுமே, கொடியை உயர்த்துவதற்கு மாற்றல்ல. வாங்கினால் ஆட்டத்துக்கு முன் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை சோதியுங்கள். 105 × 68 மீட்டர் மைதானத்தில் அது சுமார் 125 மீட்டர். எந்தக் கொடிக்கு எந்த ஒலி என்று நடுவரிடம் உறுதி செய்யுங்கள். அதிரும் பட்டையைத் தோளுக்குக் கீழே சதையோடு ஒட்டக் கட்டிக்கொள்ளும்படி அவரிடம் சொல்லுங்கள். தளர்ந்தால் அதிர்வு தெரியாது.

சுழல் மூட்டுக்குள் புழுதி போனால் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கான் ஸ்ப்ரே லேசாக அடித்தால் போதும். தையல் மெஷின் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், அது புழுதியைச் சேர்த்துப் பிசினாக்கிவிடும். துணியைக் கையால் அலசி நிழலில் காயவைத்த பிறகே பைக்குள் வையுங்கள்.