பல பக்கப் படிவம்: ஸ்ட்ரட்ஸ் 1-இன் பக்க எண்ணா, ஸ்பிரிங்கின் குரூப்பா?

மதுரை மாட்டுத்தாவணிக்கு மல்லிகை அனுப்பும் விவசாயிகளுக்கு மூன்று பக்கப் பதிவுப் படிவம் என்று வைத்துக்கொள்வோம்: பெயர், சர்வே எண், வங்கிக் கணக்கு.

ஜாவா வலைச்செயலிகளுக்கான பழைய ஃபிரேம்வொர்க் ஸ்ட்ரட்ஸ் 1. அதன் வேலிடேட்டரில் (உள்ளீட்டைச் சரிபார்க்கும் பகுதி) ஃபீல்டுக்கு ஒரு பக்க எண் கொடுத்தால் போதும். நடப்புப் பக்கத்தோடு முந்தைய பக்கங்களும் சரிபார்க்கப்படும். வசதிதான். ஆனால் வழக்கமாக அந்த எண் மறைவான ஃபீல்டாக பிரவுசரிலிருந்து வருகிறது. கடைசிப் பக்கத்தில் யாராவது 3-ஐ 1 ஆக்கி அனுப்பினால், ஐஎஃப்எஸ்சி காலியாகவே உள்ளே போய்விடும். தானியங்கிச் சோதனையை நிறுத்திவிட்டு, கோரிக்கையைக் கையாளும் ஆக்‌ஷனுக்குள் பக்க எண்ணை நீங்களே வைத்து வேலிடேட் மெத்தடை அழையுங்கள்.

2013-லேயே ஸ்ட்ரட்ஸ் 1-க்கு ஆதரவு நின்றுவிட்டதால் புதிய வேலைக்கு இன்னொரு ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங்தான். பக்கத்துக்கு ஒரு குரூப் (சோதனை விதிகளின் தொகுப்பு); எது ஓடும் என்பதை கோரிக்கையை ஏற்கும் கன்ட்ரோலர் மெத்தடே முடிவு செய்யும். குரூப் எழுத மறந்த கன்ஸ்ட்ரெயின்ட் (சோதனை விதி) மட்டும் டிஃபால்ட் குரூப்பில் விழுந்து, பிழையே காட்டாமல் விடுபட்டுவிடும். முந்தைய பக்கங்களும் தானாகச் சேராது. கடைசிச் சமர்ப்பிப்பில் மூன்று குரூப்பையும் எழுதுங்கள்.