பிரேக் பிடித்தால் இருட்டு: யமஹா ஐடி 175-உடன் நான்கு வருடம்

போன வாரம் கவென்ட்ரியில் இருக்கும் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அமெரிக்காவிலிருந்து கன்டெய்னரில் வந்து இறங்கிய நீல நிற யமஹா ஐடி 175. "அண்ணா, உங்ககிட்ட இருக்கிற அதே வண்டிதானே? எக்ஸெட்டர் டிரயலுக்கு இதை வாங்கி ரெடி பண்ண எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டிருந்தார். பதில் தட்ட ஆரம்பித்தேன், போனில் அடங்கவில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எஞ்சினைப் பற்றியும் சஸ்பென்ஷனைப் பற்றியும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவது ஹெட்லைட்டைப் பற்றி. நான்கு வருடத்தில் இந்த வண்டி எனக்குக் கொடுத்த கஷ்டத்தில் முக்கால்வாசி அங்கிருந்து வந்ததுதான்.

முதலில் எக்ஸெட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் மோட்டார் சைக்கிளிங் கிளப் 1901-இல் தொடங்கியது. அது நடத்தும் நீண்டதூரப் போட்டிகளில் எடின்பரோ டிரயல் 1904-இலும், லேண்ட்ஸ் எண்ட் 1908-இலும், எக்ஸெட்டர் 1910-இலும் ஆரம்பித்தன. எக்ஸெட்டர் நடப்பது ஜனவரியில். இரவெல்லாம் பொதுச் சாலையில் ஓட்டிப் போய், விடிந்ததும் டெவன் பக்கத்துச் சேற்று மேடுகளில் நிற்காமல் ஏற வேண்டும். ஒரு மேட்டிலும் தவறாதவருக்குத் தங்கம், ஒன்றில் தவறினால் வெள்ளி, இரண்டில் என்றால் வெண்கலம். மேட்டுக்கு மேடு போவது சாதாரண சாலையில் என்பதால், வரும் ஒவ்வொரு வண்டியும் சட்டப்படி சாலைக்கு உரியதாக இருக்க வேண்டும். ஐடி 175 காட்டில் ஓட்டுவதற்காக விற்ற வண்டி. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

காகித வேலை பயந்த அளவுக்கு இல்லை. வண்டி நாட்டுக்குள் வந்த 14 நாளுக்குள் நோவா என்ற அறிவிப்பு முறையில் வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த வருடம் செய்த வண்டி என்பதற்குப் பழைய வண்டிகளுக்கான கிளப் ஒன்றிடமிருந்து ஒரு சான்று, பதிவுக்கான வி55/5 படிவம், 55 பவுண்டு பதிவுக் கட்டணம். 1979-இல் செய்தது என்று உறுதியானதும் அந்தக் காலத்துக்குரிய டி (T) என்ற எழுத்தில் முடியும் நம்பர் கிடைத்தது. நாற்பது வயதைத் தாண்டிய வண்டிக்குச் சாலை வரி கிடையாது. 2018 முதல் எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. நான் மட்டும் வருடா வருடம் எம்ஓடிக்குக் கொண்டுபோகிறேன், இன்னொரு ஆள் கண்ணிலும் வண்டி பட்டால் நல்லது என்பதால்.

சின்ன விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். 1986 ஏப்ரலுக்கு முன் சாலைக்கு வந்த வண்டிக்கு இன்டிகேட்டர் தேவையில்லை, கையைக் காட்டினால் போதும். ஹாரன் வேண்டும். ரப்பர் பந்தை அமுக்கும் ஹாரன் இந்த வயது வண்டிக்குச் செல்லாது, விடாமல் ஒரே சீராக ஒலிக்க வேண்டும். வந்தபோது இருந்த பின் டயரின் பக்கவாட்டில் நெடுஞ்சாலையில் பயன்படுத்தக் கூடாது என்று அச்சடித்திருந்தது. துடைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. தம்பி, படத்தில் இருக்கும் வண்டியின் டயரையும் துடைத்துப் பாருங்கள்.

சரி, லைட்டுக்கு வருகிறேன். பழைய டர்ட் பைக் வைத்திருப்பவர்கள் பலர் லைட்டே இல்லாமல், பகலில் மட்டும் ஓட்டலாம் என்ற குறிப்போடு எம்ஓடி வாங்கிவிடுகிறார்கள். அது நியாயமான வழிதான். ஆனால் எக்ஸெட்டரின் பாதி இரவில் நடக்கிறது. எனக்கு லைட் வேண்டும், அதுவும் வழி தெரியும் லைட்டாக வேண்டும்.

இந்த வண்டியில் பேட்டரி கிடையாது. எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலுக்குள் இருக்கும் சின்ன லைட்டிங் காயில் (கம்பிச் சுருள்) 6 வோல்ட் ஏசி கரன்ட் கொடுக்கும், அது நேராக பல்புக்குப் போகும். நம் ஊரில் டிவிஎஸ் 50-ஐ இரவில் ஓட்டியவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வெளிச்சம், விட்டால் மங்கல். அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். தயாராக இல்லாதது பிரேக் லைட்டுக்கு.

காட்டு வண்டியில் பிரேக் லைட் ஸ்விட்ச் இல்லை. பின் பிரேக் பெடலில் ஸ்ப்ரிங் வைத்த ஸ்விட்ச் ஒன்றை நானே மாட்டினேன். 21 வாட் பல்பு. ஹெட்லைட் 25 வாட். இரண்டும் தின்பது அந்த ஒரே காயில் கொடுப்பதை. பிரேக்கை மிதித்தால் ஆக்ஸிலேட்டரை விடுகிறோம், எஞ்சின் வேகம் இறங்குகிறது, கரன்ட் குறைகிறது. அதே நொடியில் பின்னால் இன்னொரு பல்பு எரியத் தொடங்குகிறது. முன்னால் இருப்பது செத்துப்போகிறது.

முதல் ஜனவரியில் டெவனில் ஓர் ஒற்றையடிச் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் ஆள் உயர வேலிப் புதர், தரையில் ஈர இலை, கீழே இடப்பக்கமாக ஒரு வளைவு. வளைவு தெரிந்தது, பிரேக்கை மிதித்தேன், வளைவு காணாமல் போனது. விளக்கில் இருந்த கம்பி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தது. பெடலிலிருந்து காலை எடுத்தால் வழி தெரிகிறது, ஆனால் வண்டி நிற்காது. மிதித்தால் வண்டி நிற்கிறது, வழி தெரியாது. கடைசியில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கி, முன் பிரேக்கை மட்டும் இரண்டு விரலால் தொட்டுத் தொட்டு இறங்கினேன். விடிவதற்குள் இடது கை மரத்துவிட்டது. சட்டம் கேட்ட எல்லாமே அந்த வண்டியில் இருந்தது. எம்ஓடியும் வாங்கியிருந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் கோபம் வருகிறது.

அப்புறம் 12 வோல்ட்டுக்கு மாற்றுவது என்று முடிவு செய்தேன். காயிலை அதிகச் சுற்றுகளோடு மறுபடி சுற்றி, அதன் இரண்டு முனைகளையும் தனித்தனியாக வெளியே எடுத்து, ஏசியை டிசியாக்கி வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபயர் வழியாக ஒரு சின்ன பேட்டரிக்குக் கொடுப்பது. தொழிற்சாலையில் வரும்போது காயிலின் ஒரு முனை அதைத் தாங்கும் ஸ்டேட்டர் தட்டிலேயே எர்த் ஆகியிருக்கும். அந்த இணைப்பை வெட்டுவதுதான் இந்த வேலையின் உயிர். வெட்டாமல் விட்டால் பேட்டரியின் மைனஸும் பாடியில், காயிலின் ஒரு முனையும் பாடியில். ரெக்டிஃபயருக்குள் பாதி அலை டயோடு வழியாகக் குறுக்கே ஓடி வீணாகிவிடும்.

காயில் சுற்றும் ஓர் இடத்துக்கு ஸ்டேட்டரை அனுப்பி வைத்தேன். என்ன வேண்டும் என்று படம் வரைந்து, வெட்ட வேண்டிய இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, உள்ளே வைத்தேன். ஆறு வாரம் கழித்து வந்தது. சுற்று அழகாக இருந்தது, வார்னிஷ் பளபளத்தது. மாட்டினேன், லைட் எரிந்தது, நம்பிப் போனேன். இரண்டாவது ஜனவரியில் அதிகாலை மூன்று மணி வாக்கில் பேட்டரி தீர்ந்தது. ரெகுலேட்டரைத் தொட்டால் கை சுட்டது. முன்னால் போன ஒருவரின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு காலை உணவு இடம் வரை போய், அங்கேயே விலகிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஃப்ளைவீலைக் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையை மஞ்சள் ஒயரிலும் மற்றதைத் தட்டிலும் வைத்தேன். பீப் என்றது. என் சிவப்பு வட்டத்துக்குள் இருந்த அந்தச் சாலிடர் சொட்டு அப்படியே இருந்தது. அரிசி மணி அளவுதான் இருக்கும். கேட்டதற்கு, வழக்கமாகச் செய்யும் முறையில்தான் செய்தோம் என்றார்கள். சுற்றியதில் குறை சொல்ல மாட்டேன், இன்று வரை அதே சுற்றுதான் ஓடுகிறது. ஆனால் எழுதி அனுப்பியதை ஒருவர் படித்திருந்தால் ஓர் ஆண்டு வீணாகியிருக்காது. சாலிடரை நானே உருக்கி எடுத்து, முனையை நீட்டி, உறை போட்டு வெளியே கொண்டுவந்தேன். பின்னால் எல்இடி பல்பு. ஒரு சனிக்கிழமை மதியத்தில் வேலை முடிந்தது.

இந்த ஜனவரியில் பிரேக்கை மிதித்தேன், வெளிச்சம் அப்படியே நின்றது. முதல் பத்து மைல் தேவையே இல்லாத இடத்திலும் மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டு போனேன்.

இனி நல்லதைச் சொல்லாவிட்டால் பாவம். டீன் ஆற்றின் மேல் இருக்கும் ஃபிங்கிள் பாலத்தைத் தாண்டி மரங்களுக்கு நடுவே கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும் மேட்டில் இந்த வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஈரப் பாறையில் பின் சக்கரம் வழுக்கும்போது எஞ்சின் பதறாது. இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரை ஒரு மயிரிழை விட்டுக் கொடுத்தால் சக்கரம் தானே பிடித்துக்கொள்ளும். வண்டியின் எடையே முட்டிக்கு நடுவில் தெரியாது. எனக்குப் பின்னால் நவீன வண்டியில் வந்தவர் மூன்றாவது வளைவில் சாய்ந்தார், நான் மேலே போய் நின்று திரும்பிப் பார்த்தேன். இல்சிங்டன் பக்கத்து சிம்ஸ் மேட்டில் மட்டும் என்னால் முடியவில்லை. அங்கே தங்கம் போய் வெள்ளியாகிவிட்டது. அந்த வெள்ளிப் பதக்கம் சமையலறை ஜன்னலில் இருக்கிறது.

பெட்ரோலைப் பற்றி ஒன்று. 2021 முதல் இங்கே சாதாரண பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களுக்காக நான் எத்தனால் குறைந்த, விலை கூடின இ5 மட்டுமே போடுகிறேன். ஆயிலைப் பெட்ரோலில் கலந்துதான் ஊற்ற வேண்டும், அதனால் இரவில் முதுகுப் பையில் ஒரு ஆயில் பாட்டில் இருந்தே ஆக வேண்டும்.

தம்பி கேட்டது எவ்வளவு நாள் ஆகும் என்று. காகிதத்துக்கு இரண்டு மாதம். லைட்டுக்கு எனக்கு மூன்று வருடம். வாங்காதீங்க, தம்பி. யமஹாவின் இன்னொரு வண்டியான டிடி 175 எம்எக்ஸ் ஒன்று தேடுங்கள். பேட்டரியும் பிரேக் லைட்டும் ஆயில் டேங்கும் அதிலேயே வரும், முதல் ஜனவரியிலேயே நிம்மதியாக ஓட்டுவீர்கள். ஃபிங்கிள் மேட்டில் ஐடி தரும் சுகம் அதில் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சொல்கிறேன், அந்த இறக்கத்தில் உங்களை நினைத்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

என் வண்டி விற்பனைக்கு இல்லை. முன் ஃபோர்க்கில் வலப்பக்க சீல் கசிகிறது, அடுத்த ஜனவரிக்குள் மாற்ற வேண்டும்.