பணம் போட ஒரு நிமிடம், எடுக்கக் கேட்டால் இருபத்து மூன்று நாள்

ஓர் இணையச் சூதாட்டத் தளத்துக்கு ஐந்தாவது முறையாக அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பிய இரவில்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. முதல் முறை, அட்டையின் நான்கு மூலைகளும் தெரியவில்லை என்றார்கள். இரண்டாவது முறை, விளக்கு வெளிச்சம் பட்டு எழுத்து மங்குகிறது என்றார்கள். மூன்றாவது முறை, ஒரு கையில் அட்டையும் மறு கையில் அன்றைய தேதி எழுதிய காகிதமுமாக முகம் தெரியப் படம் வேண்டும் என்றார்கள். காவல் நிலையத்தில் பலகை பிடித்து நிற்பவனைப் போல நின்று அதையும் எடுத்து அனுப்பினேன். நான்காவது முறை, கோப்பு திறக்கவில்லையாம். பணம் போட்ட அன்று என் பெயரின் எழுத்துகளைக்கூடச் சரிபார்க்காதவர்கள் இவர்கள்.

அந்த இணையக் கேசினோவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதை மட்டும் தவிர்த்துவிட்டு, அதே ஆட்கள் வேறு பெயரில் நடத்தும் கடைக்குள் நுழைந்துவிடுவீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. பணம் வைத்து இணையத்தில் ஆடுவதையே தடை செய்திருக்கும் நாடுகள் பல. உங்கள் நாட்டுச் சட்டமும் அப்படித்தான் என்றால், கீழே சொல்லும் எந்தச் சோதனையும் உங்களைக் காப்பாற்றாது. ஏமாந்த பிறகு புகார் கொடுக்கப் போகும் இடத்தில் நீங்களே பதில் சொல்ல நேரிடும்.

நான் கண்ணை மூடிக்கொண்டு விழுந்தவன் அல்ல. மற்றவர்கள் கொடுக்கும் பில்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் பிழைப்பு. அதனால் ‘பாதுகாப்பான கேசினோ’ என்று தேடி, ‘நம்பகமான பத்து’ என்ற பட்டியலைப் பொறுமையாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் கொடுத்திருந்த நட்சத்திரங்களை ஒப்பிட்டுத்தான் தேர்ந்தெடுத்தேன். அந்தப் பட்டியல்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தரகர்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர்களுடைய இணைப்பைச் சொடுக்கி நீங்கள் சேர்ந்தால் அவர்களுக்குக் கமிஷன். தலைக்கு இவ்வளவு என்று ஒரு வகை. நீங்கள் தோற்கும் தொகையில் மாதாமாதம் பங்கு என்று இன்னொரு வகை. நான் தோற்றால் லாபம் அடையும் ஒருவரிடம் போய், எங்கே ஆடலாம் என்று யோசனை கேட்டிருக்கிறேன். பட்டியலின் அடியில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இதை ஒப்புக்கொண்டும் இருந்தார்கள். நான்தான் அங்கே வரை இறங்கவில்லை.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, நான் முதலில் போட்ட தொகையை நூறு என்று வைத்துக்கொள்கிறேன். ‘முதலில் சிறிய தொகையைப் போட்டு, கொஞ்சம் எடுத்துப் பாருங்கள், வந்தால் நம்பலாம்’ என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படியே செய்தேன். மறுநாள் முப்பது எடுக்கக் கேட்டேன். இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. அடையாள அட்டை இல்லை, கேள்வி இல்லை. அந்த முப்பதுதான் எலிப்பொறியில் வைத்த தேங்காய்ச் சில்லு. அதைக் கொடுப்பதில் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இனி என்னிடமிருந்து வரப்போகும் பெரிய தொகைக்கு அது முன்பணம். ஆகவே சிறிய தொகை வந்ததை வைத்து யாரும் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்த வாரம் ஓர் அழைப்பு வந்தது. 200 போட்டால் இன்னொரு 200 போனஸ். போட்டேன். நிபந்தனை ‘40 மடங்கு’ என்று இருந்தது. போனஸுக்கு 40 மடங்கு என்று நினைத்துக்கொண்டேன். போட்ட பணமும் போனஸும் சேர்த்து 40 மடங்கு. அதாவது 400 பெருக்கல் 40. மொத்தம் 16,000-க்குப் பந்தயம் கட்டிய பிறகுதான் ஒரு காசாவது வெளியே எடுக்கலாம்.

இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். பொத்தானை அழுத்திப் படங்களைச் சுழலவிடும் ஸ்லாட் ஆட்டம், நீண்ட ஓட்டத்தில் 96 சதவீதத்தைத் திருப்பித் தருவதாக வைத்துக்கொண்டாலும் 16,000-த்தில் 4 சதவீதம் போகும். அது 640. கையில் இருப்பதோ 400. கணக்குப்படி நிபந்தனை முடியும் முன்பே காசு தீர்ந்துவிட வேண்டும். சக்கரத்தில் பந்து ஓடும் ரூலெட்டை ஆடி முடிக்கலாம் என்றால், அதில் கட்டும் பந்தயத்தில் 10 சதவீதம் மட்டுமே கணக்கில் சேரும் என்று இன்னொரு வரி. அப்படியானால் 1,60,000-க்குப் பந்தயம் கட்ட வேண்டும். பிரிட்டனில் இந்த மடங்குக்கு 2026 ஜனவரியிலிருந்து 10 என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். நாற்பது என்பது எவ்வளவு அட்டூழியம் என்பதற்கு அது ஒன்றே போதும்.

ஆனால் எனக்குக் காசு தீரவில்லை. அதிர்ஷ்டம் அடித்தது. 16,000-மும் முடிந்தபோது என் கணக்கில் 1,150 இருந்தது. அவர்களுடைய ஏற்பாட்டில் நான் ஒரு விபத்து. அதன் பிறகுதான் அந்தப் புகைப்படப் படலம்.

‘பணம் எடு’ என்பதை அழுத்தியதும் ஒரு மஞ்சள் பட்டை வந்தது: ‘பரிசீலனையில்’. அதன் பக்கத்திலேயே, அதைவிடப் பெரிதாகவும் பளிச்சென்றும் ஒரு பச்சைப் பொத்தான்: ‘ரத்து செய்து ஆட்டத்தைத் தொடர்க’. நாள்தோறும் இரவில் அந்தப் பக்கத்தைத் திறப்பேன். மஞ்சள் அப்படியே இருக்கும். பச்சை கூப்பிடும். ஒன்பதாம் நாள் இரவு, இருப்பதில் 100-ஐ மட்டும் திருப்பி எடுத்து ஆடினால் என்ன என்று விரல் அந்தப் பொத்தான் வரை போய்விட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இழுத்தடிப்பது அவர்களுடைய சோம்பல் அல்ல, நம் விரலுக்காகக் காத்திருக்கிறார்கள். எடுக்கக் கேட்ட பணத்தை இப்படித் திரும்ப ஆட்டத்துக்குள் இழுக்கும் வசதியைப் பிரிட்டன் 2021 அக்டோபரிலிருந்து நிரந்தரமாகத் தடை செய்துவிட்டது. அங்கே 2019 மே மாதத்திலிருந்து இன்னொரு விதியும் இருக்கிறது. வயதையும் அடையாளத்தையும் ஆடவிடும் முன்பே சரிபார்த்துவிட வேண்டும். பணம் வாங்கும்போது வாயைத் திறக்காமல், கொடுக்கும்போது மட்டும் ஆவணம் கேட்கிற தந்திரத்துக்குப் போட்ட பூட்டு அது. சேர்ந்த அன்றே ஆவணம் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால் எரிச்சலாக இருக்கும். ஆனால் அது நல்ல அறிகுறி.

சாட்டில் எந்த நேரம் போனாலும் ஒருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் முதல் வரி ஒன்றுதான்: “உங்கள் பொறுமையைப் பெரிதும் மதிக்கிறோம், நண்பரே.” இருபத்து மூன்றாம் நாள் பதில் வந்தது. நிபந்தனை 14.7-இன்படி, போனஸ் நடப்பில் இருக்கும்போது ஒரு சுழற்சிக்கு 5-க்கு மேல் பந்தயம் கட்டக் கூடாது. நான் ஒரே ஒரு முறை 6 கட்டியிருக்கிறேன். ஆகவே வென்ற தொகை முழுவதும் ரத்து.

ஆயிரக்கணக்கான சுழற்சிகளில் ஒன்று. அதைத் தோண்டி எடுக்க இருபத்து மூன்று நாள் ஆகியிருக்கிறது.

“5-க்கு மேல் கூடாது என்றால் உங்கள் இயந்திரம் 6-ஐ ஏன் வாங்கிக்கொண்டது?” என்று கேட்டேன்.

“உங்கள் பொறுமையைப் பெரிதும் மதிக்கிறோம், நண்பரே. விளையாடுபவரே நிபந்தனைகளை அறிந்திருக்க வேண்டும்.”

இறுதியில் நல்லெண்ண அடிப்படையில் என் 200-ஐத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். போனஸாக. மறுபடி 40 மடங்கு.

என் தம்பிக்கு அந்த நிபந்தனைப் பக்கத்தை அனுப்பினேன். முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிட்டான். “அண்ணா, ஆபீஸில் ஒரு பில்லில் புள்ளி தப்பாக இருந்தாலும் திருப்பி அனுப்புகிறவன் நீ. இதைப் படிக்கவே இல்லையா?” என்றான். படிக்கவில்லை. இன்னொன்றையும் அவன்தான் கண்டுபிடித்தான். பக்கத்தின் மேலே ‘கடைசியாகத் திருத்தியது’ என்று இருந்த தேதி, நான் சேர்ந்த நாளுக்குப் பிந்தையது. 14.7 அன்றைக்கே இருந்ததா, பிறகு முளைத்ததா என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. சேருகிற அன்றே அந்தப் பக்கத்தை முழுவதுமாக பிடிஎஃப் ஆகச் சேமித்து வைத்திருந்தால் இருந்திருக்கும். அதிகபட்சப் பந்தயம், போனஸில் வென்றதில் எடுக்கக்கூடிய உச்ச அளவு, ‘முறையற்ற ஆட்டம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிய வரி, இந்த மூன்றையும் தேடிப் படியுங்கள். மூன்றாவதுதான் ஆபத்தானது. எதையும் அதற்குள் அடக்கிவிடலாம். என் இப்போதைய எண்ணம், போனஸே வேண்டாம் என்று சாட்டில் எழுத்தில் சொல்லிவிட்டு ஆடுவது. கொடுக்கும் இனாமை மறுக்க முடியாத இடம் என்றால் அங்கே வேலையே வேண்டாம்.

அடுத்து, உரிம முத்திரை. தளத்தின் அடியில், மால்டா நாட்டின் சூதாட்ட ஆணையமான மால்டா கேமிங் அத்தாரிட்டியின் முத்திரை இருந்தது. சேருவதற்கு முன் அதைச் சொடுக்கியும் பார்த்தேன். ‘உரிமம் செல்லும்’ என்று பச்சை எழுத்தில் ஒரு பக்கம் திறந்தது. அந்தப் பக்கத்தின் முகவரியை மட்டும் பார்க்கவில்லை. பிறகு பார்த்தால், நடுவில் தேவையில்லாத ஒரு கோடு. ஆணையத்தின் முகவரியே அல்ல. திருடன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு திருடனின் நடத்தைச் சான்றிதழைப் படித்திருக்கிறேன். அசல் ஆணையத்தின் முகவரியை நானே தட்டச்சு செய்து, அதன் பதிவேட்டில் உரிம எண்ணைத் தேடினேன். எண் உண்மையானதுதான். ஆனால் அது வேறொரு நிறுவனத்தின் எண். நிறுவனப் பெயர், உரிம எண், இணைய முகவரி மூன்றும் பதிவேட்டில் ஒரே வரிசையில் பொருந்த வேண்டும். பிரிட்டனின் சூதாட்ட ஆணையப் பதிவேட்டிலும் எந்த எந்த முகவரிகளுக்கு உரிமம் என்று பட்டியல் உண்டு. ஐந்து நிமிட வேலை.

உரிமங்களிலும் எல்லாம் ஒரே எடை அல்ல. கரீபியன் தீவான குராசாவில் நெடுங்காலம் சில தனியார் நிறுவனங்கள் தலைமை உரிமம் வாங்கி வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குத் துணை உரிமம் கொடுத்துவந்தன. ஆடுகிறவர் புகாரோடு போனால் கேட்க ஆள் இருக்காது. 2024 டிசம்பரில்தான் அங்கே புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து, அரசு ஆணையமே நேரடியாக உரிமம் தரும் முறை சட்டமானது. பழைய துணை உரிம எண்ணை இன்னும் ஒட்டி வைத்திருக்கும் தளத்தைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். ஈகோக்ரா, ஜிஎல்ஐ போன்ற சோதனை நிறுவனங்களின் முத்திரைகளைக் காட்டியும் மயக்குவார்கள். அந்த முத்திரை அசலாகவே இருக்கட்டும். ஆட்டத்தின் குலுக்கல் நேர்மையானது என்ற சோதனை வேறு, வென்றவனுக்குப் பணம் கொடுக்கும் நேர்மை வேறு.

நல்ல உரிமம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், ஃபுல் டில்ட் போக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆல்டர்னி தீவின் உரிமம் பெற்ற பெரிய சீட்டாட்டத் தளம் அது. 2011-இல் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் சொன்னது: உலகெங்கும் ஆடுபவர்களுக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி. ஆடுபவர்களின் பணத்தைத் தனியாக வைக்காமல் எடுத்துச் செலவழித்திருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. தளம் திவாலானால் உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்பதைப் பிரிட்டன் உரிமம் பெற்றவர்கள் தங்கள் நிபந்தனைகளிலேயே சொல்லியாக வேண்டும். ‘பாதுகாப்பு இல்லை’ என்று வெளிப்படையாக எழுதியிருக்கும் தளங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் பணத்தைத் தேக்கி வைப்பது நம் பிழை.

நான் கவனித்திருக்க வேண்டிய இன்னொரு விஷயம், பணம் போன வழி. முதல் நூறு அட்டை வழியாகப் போனது. இரண்டாவது முறை, அட்டை வேலை செய்யவில்லை, இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள் என்றார்கள். ஏதோ ஒரு தனிநபரின் பெயர். பதினைந்து நிமிடத்துக்குள் அனுப்ப வேண்டும், குறிப்பில் ‘கேசினோ’ என்று எழுதக் கூடாது என்று கூடவே கட்டளை. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன எச்சரிக்கை வேண்டும்? அட்டையில் போட்டிருந்தால் வங்கியில் தகராறு எழுப்பவாவது வாய்ப்பு இருக்கிறது. “நீங்களே அனுப்பியிருக்கிறீர்களே சார்” என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். கிரிப்டோவாக அனுப்பியிருந்தால் அந்த ஒரு வரிப் பதில்கூடக் கிடைத்திருக்காது. அதோடு, இப்படிப்பட்ட கணக்குகள் பல மோசடிகளுக்குப் பொதுவாகப் பயன்படுபவை. அவற்றோடு தொடர்பு வைத்ததற்காக உங்கள் கணக்கையே வங்கி முடக்கிவிடக்கூடும்.

நான் புகார் எழுதிய இரண்டாம் நாளே ஒருவர் கூப்பிட்டார். ஏமாந்த பணத்தை மீட்டுத் தரும் நிறுவனமாம். என் தொகையைத் துல்லியமாகச் சொன்னார். 1,150 என்று நான் எங்கேயும் எழுதவில்லை. முன்கட்டணம் 120 மட்டும் என்றார். பேசாமல் போனை வைத்துவிட்டேன். மீட்டுத் தருகிறேன், வரி கட்டினால் விடுவிக்கிறேன், சரிபார்ப்புக் கட்டணம் போட்டால் பணம் வந்துவிடும் என்று எந்த உருவத்தில் வந்தாலும், பணத்தை எடுக்கப் பணம் கேட்கிறவர்களிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். இந்த ஓரிடத்தில் மட்டும் நான் புத்தியோடு நடந்துகொண்டேன்.

கணக்கை மூடச் சொல்லி எழுதி இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் வேறொரு பெயரில், நீல நிறத்தில், புதிய கேசினோவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. என் பெயர் சரியாக இருந்தது. ஐம்பது இலவசச் சுழற்சிகள். சேராமல் சாட்டை மட்டும் திறந்து, பணம் எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். பதில் உடனே வந்தது.

“உங்கள் பொறுமையைப் பெரிதும் மதிக்கிறோம், நண்பரே.”