எபிரேய எழுத்தட்டைத் தொகுதி: வாங்கலாமா?

யாழ்ப்பாண நகரில் கிறிஸ்தவ நூல்கள் விற்கும் கடையொன்றுக்கு அண்மையில் வந்திருக்கும் எபிரேய எழுத்தட்டைத் தொகுதியை, எமது ஞாயிறு பாடசாலையின் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்காக வாங்கினேன். எழுத்துக்கு ஒன்றாக மொத்தம் 22 அட்டைகள். முன்பக்கத்தில் எழுத்து, அதன் எண்மதிப்பு (எபிரேய எழுத்துகள் எண்களாகவும் வழங்கும்), பழைய படவடிவம். பின்பக்கத்தில் கிறிஸ்தவ விளக்கமும் ஒரு வேதவசனமும் தமிழில் உள்ளன. தாள் தடிப்பானது, 1,500 ரூபாய் அதற்கு அதிகமில்லை.

தொகுதியில் மிகச் சிறந்தது கடைசி எழுத்தான தாவ். இன்று அச்சில் காணும் அதன் சதுர வடிவம் சிலுவையை ஒத்ததன்று. பழைய எபிரேய எழுத்திலோ இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் குறியாகவே அது இருந்தது. எசேக்கியேல் 9:4 இல், எருசலேமின் அருவருப்புகளுக்காகப் பெருமூச்சு விடுகிறவர்களின் நெற்றியில் போடும்படி கட்டளையிடப்படும் அடையாளத்துக்கு மூலத்தில் நிற்கும் சொல்லும் தாவ் என்பதே. ஆதித்திருச்சபை எழுத்தாளர்களான தெர்த்துல்லியனும் ஓரிகெனும் 3ஆம் நூற்றாண்டிலேயே அதில் சிலுவையைக் கண்டார்கள். அட்டை இதை நான்கே வரிகளில் சொல்லி, பழைய வடிவத்தையும் அருகில் வரைந்து காட்டுகிறது. ஞானஸ்நானத்தின்போது நெற்றியில் சிலுவை அடையாளம் இடப்பட்ட பிள்ளைக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

தாவீதின் பெயரிலுள்ள எபிரேய எழுத்துகளை வைத்துச் செய்திருக்கும் கணக்கும் நன்று: தாலெத் 4, வாவ் 6, மீண்டும் தாலெத் 4, ஆக 14. மத்தேயு முதலாம் அதிகாரத்து வம்சவரலாறு பதினான்கு பதினான்கு தலைமுறைகளாகப் பிரிந்திருப்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்தத் தாலெத் அட்டையில்தான் அச்சுப்பிழை. தாலெத்தின் வலது மேல்மூலை சற்று வெளியே நீண்டு நிற்கவேண்டும். இங்கே அது மழுங்கி, ரேஷ் என்ற வேறோர் எழுத்தாகவே ஆகிவிட்டது. உபாகமம் 6:4 இல் 'ஒருவர்' என்ற சொல்லின் கடைசித் தாலெத் ரேஷாகத் தெரிந்து 'வேறொருவர்' என்று வாசிக்கப்பட்டுவிடக் கூடாதென்றே தோராச் சுருள்களில் (மோசேயின் ஐந்து நூல்களின் கையெழுத்துச் சுருள்களில்) அந்தத் தாலெத் பெரிதாக எழுதப்படுவதாக யூதர் விளக்குவர். "ஒரு எழுத்தின் உறுப்பாகிலும் ஒழிந்துபோகாது" என்ற வசனத்தை மிகச் சிறிய எழுத்தான யோட்டின் அட்டையில் அச்சிட்டவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டாமா? கறுப்புப் பேனாவால் மூலையை நீட்டிக் கொண்டேன்.

பெரிய குறை வேறொன்று. ஆதித்திருச்சபையின் விளக்கமும் நேற்றைய ஊகமும் ஒரே எழுத்தளவில், ஒரே உறுதியுடன் அச்சாகியிருக்கின்றன. யோட் என்பதற்குக் கை என்றும் வாவ் என்பதற்குக் கொக்கி என்றும் பொருள்கொள்வதற்கு ஆதாரம் உண்டு. ஆசரிப்புக் கூடாரத்துத் தூண்களின் கொக்கிகளுக்கு யாத்திராகமம் அச்சொல்லையே வழங்குகிறது. ஆனால் தேவனுடைய நான்கெழுத்து நாமத்தை (யோட், ஹே, வாவ், ஹே), ஹேயை 'இதோ' என்றும் வாவை 'ஆணி' என்றும் கொண்டு, "இதோ கை, இதோ ஆணி" என்று வாசிப்பது பக்தியாக இருக்கலாமேயன்றி இலக்கணமன்று. ஆதியாகமம் 1:1 இல் முதல் எழுத்தான ஆலெப்பும் கடைசி எழுத்தான தாவும் சேர்ந்து வரும் 'ஏத்' கிறிஸ்துவின் மறைபெயர் என்பதும் அப்படித்தான். 'வானத்தையும் பூமியையும்' என்பதில் வரும் நம் ஐ உருபு செய்யும் வேலையையே அது செய்கிறது. ஏசா தன் சேஷ்டபுத்திரபாகத்தை அலட்சியம்பண்ணிய வசனத்திலும் அதே ஏத் நிற்கிறது. வெளிப்படுத்தலில் வரும், கிரேக்க எழுத்துகளின் முதலும் கடைசியுமான அல்பா, ஒமேகாவிலிருந்து ஆலெப், தாவுக்குச் செல்வது நியாயமான தியானம். அதற்கு இந்த மறைபெயர் தேவையில்லை.

இவற்றுக்கு இடம் கொடுத்தவர்கள், வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமை விட்டுவிட்டதுதான் எனக்கு ஆற்றவில்லை. 384ஆம் ஆண்டளவில் தம் மாணவியான பவுலா அம்மையாருக்கு எழுதிய கடிதத்தில் அவர் முதல் நான்கு எழுத்துகளுக்கும் போதனை, வீடு, நிறைவு, ஏடுகள் என்று பொருள் கூறி, தேவனுடைய வீடாகிய திருச்சபையின் போதனை வேத ஏடுகளின் நிறைவில் காணப்படுகிறது என ஒரே வாக்கியமாகக் கோத்துவிடுகிறார். எழுத்துகள் தொடர்ந்து பேசும் இந்த முறையை ஒவ்வொன்றையும் தனித்து நிறுத்தும் அட்டைகளால் காட்ட முடியவில்லை.

ஆசிரியர்கள் வாங்கலாம்; பிள்ளைகளின் கையில் அப்படியே கொடுத்துவிடுவதை நான் விரும்பமாட்டேன். சங்கீதம் 119 எழுத்துக்கு எட்டு வசனமாக 176 வசனங்கள் கொண்டது; நம் வேதாகமத்திலும் ஆலெப், பேத் என்ற தலைப்புகள் இருக்கின்றன. ஞாயிறுக்கு ஓர் அட்டையும் அதற்குரிய எட்டு வசனங்களும் என்று எடுத்தால், மேலே சொன்ன இரண்டு விளக்கங்களையும் தாளொட்டி மறைத்துவிட்டு, 22 கிழமைகளுக்குப் பாடம் தயார்.