கெய்க்யூ 1000: அன்றாடப் பயணியின் கணக்கில் ஒரு சிவப்பு ரயில்

ஜப்பானின் கெய்க்யூ ரயில் நிறுவனத்தின் 1000 வகை மின்ரயில் எப்படி என்று யாராவது கேட்டால், எந்தத் தொகுதி என்று திருப்பிக் கேட்காமல் என்னால் பதில் சொல்ல முடியாது. முதல் ரயில் 2002இல் ஓடத் தொடங்கியது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, அதே எண்ணின் கீழ் தொகுதி தொகுதியாகப் புதிய பெட்டிகளைக் கட்டிவந்திருக்கிறார்கள். இதற்குள் பெட்டியின் உலோகம் மாறியது, மோட்டாரை இயக்கும் மின்னணுக் கருவி மாறியது, இருக்கை மாறியது, நிறம் பூசும் முறை மாறியது, கடைசியில் கழிவறையும் வந்து சேர்ந்தது. நடைமேடையில் நிற்பவருக்கு வருவது ஒரே சிவப்பு ரயில். உள்ளே ஏறிய பிறகுதான் இன்றைய பயணம் எப்படி இருக்கும் என்பது தெரியும்.

நான் யோகோஹாமாவின் தெற்கே காமிஓஓகாவிலிருந்து டோக்கியோவின் ஷினகவாவுக்கு இந்த ரயிலில் வேலைக்குப் போய்வருகிறேன். விடுமுறை நாட்களில் எதிர்த்திசையில் கடைசி நிலையமான மிசாகிகுச்சி வரை போவதும் உண்டு. ரயில் பிடித்தவன் என்பதால் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும். ஆனாலும் கீழே சொல்பவை பெரும்பாலும் தினசரி நின்றுகொண்டே போகிறவனின் கணக்குதான்.

முதலில் பாதையைப் பற்றிக் கொஞ்சம். ஜப்பானில் முன்பு தேசிய ரயில்வேயாக இருந்த ஜேஆர் நிறுவனங்களின் ரயில்கள் பெரும்பாலும் தண்டவாளங்களுக்கு இடையே 1067 மில்லிமீட்டர் உள்ள குறுகிய பாதையில் ஓடுகின்றன. கெய்க்யூவின் பாதை 1435 மில்லிமீட்டர். டோக்கியோவின் புறநகர் ரயில்களில் 20 மீட்டர் நீளமும் பக்கத்துக்கு நான்கு கதவுகளும் வழக்கம். கெய்க்யூ 1000 பெட்டி 18 மீட்டர், கதவு மூன்று. ஷினகவாவைத் தாண்டி தோயெய் அசகுசா சுரங்க ரயில் பாதைக்குள் நுழைந்து, அங்கிருந்து கெய்செய், ஹொகுசோ பாதைகளுக்கும் போகவேண்டியிருப்பதால் இந்த அளவைத்தான் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். ஒரே ரயில் ஹனேடா விமான நிலையத்தில் கிளம்பி, டோக்கியோவின் அடியில் புகுந்து, நரிட்டா விமான நிலையத்தில் போய் நிற்பதும் இதனால்தான் சாத்தியமாகிறது.

இனி தொகுதிகளுக்கு வருவோம். 2002 முதல் வந்த ஆரம்பத் தொகுதிகள் அலுமினியத்தால் ஆனவை. முழுக்கச் சிவப்பு, ஜன்னல் வரிசையைச் சுற்றி வெள்ளை. முகப்பில் மழைத்துடைப்பானை மறைக்கும் தகட்டில் பெரிய எழுத்தில் ரயிலின் எண். என்னைக் கேட்டால் கெய்க்யூவின் மிக அழகான முகம் அதுதான். ஆனால் நான் அந்த ரயிலுக்காக நடைமேடையில் ஒரு ரயிலை விட்டுவிட்டுக் காத்திருப்பது முகத்துக்காக அல்ல, இருக்கைக்காக. ஓட்டுநர் அறைக்கு நேர் பின்னால், முன்பக்கம் பார்த்தபடி பயணிகளுக்கு இருக்கை வைத்திருக்கிறார்கள். சாதாரணக் கட்டணத்தில், வேலைக்குப் போகும் ரயிலில், ஓட்டுநர் பார்க்கும் பாதையை நாமும் உட்கார்ந்து பார்க்கலாம்.

அந்த இருக்கையில் இடம் கிடைத்தால் ஷினகவாவிலிருந்து யோகோஹாமா வரையிலான 22 கிலோமீட்டரும் வேறு அனுபவம். கிளம்பியதும் யாட்சுயாமா பாலத்தை ஒட்டிக் கடுமையான வளைவு. சக்கரங்கள் கிரீச்சிட ரயில் ஊர்ந்து போகும். வளைவு முடிந்து நேர்பாதை கிடைத்ததும் வேகம் ஏறத் தொடங்கும். இந்தப் பகுதியில் கைட்டோக்கு என்ற அதிவிரைவு ரயில்கள் மணிக்கு 120 கிலோமீட்டர் வரை போகின்றன. 120 என்பது தனியாகப் பார்த்தால் பெரிய எண் இல்லை. ஆனால் வீடுகளின் பின்சுவரும் துணி உலர்த்தும் மாடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பழைய பாதையில் அந்த வேகம் முதுகைச் சிலிர்க்க வைக்கும். சிறு நிலையங்கள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சில இடங்களில் மஞ்சளும் பச்சையும் சேர்ந்து மினுக்கும் சிக்னலைக் காணலாம். முன்னால் இன்னொரு ரயில் இருக்கிறது, 105 கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள் என்று பொருள். அந்த மினுக்கல் பச்சையாக மாறும்போது ஓட்டுநரின் கை விசையை நோக்கிப் போவதையும், வாய்விட்டுச் சிக்னலைச் சொல்வதையும் பின்னாலிருந்து பார்ப்பது எனக்கு இன்றும் அலுக்கவில்லை. சுருமியைக் கடந்ததும் ஜேஆர் பாதைகள் பக்கத்தில் வந்துவிடும். இரண்டு ரயில்களும் இணையாக ஓடும்போது பெட்டிக்குள் தினசரிப் பயணிகள்கூடத் தலைநிமிர்ந்து பார்ப்பார்கள்.

அலுமினியத் தொகுதிகளில் முதலில் வந்தவற்றுக்கு இன்னொரு பெருமை இருந்தது. அவை கிளம்பும்போது பாடின. ஜெர்மனியின் சீமென்ஸ் தயாரித்த இன்வெர்ட்டர் அவற்றில் இருந்தது. நேர்மின்சாரத்தைத் துண்டுதுண்டாக வெட்டி மோட்டாருக்கு மாறுமின்சாரமாகக் கொடுப்பது இன்வெர்ட்டரின் வேலை. அந்தக் காலத்தில் இந்த வெட்டும் வேலையைச் செய்த ஜிடிஓ என்ற மின்னணுச் சாதனங்களின் வேகம் குறைவு என்பதால், அந்த அதிர்வு மோட்டார் வழியாக நம் காதுக்கே கேட்கும். மற்ற ரயில்களில் அது வெறும் ரீங்காரம். சீமென்ஸ் பொறியாளர்கள் அந்த அதிர்வெண்ணைப் படிப்படியாக ஏற்றும்போது ஒவ்வொரு படியையும் ஒரு சுரத்தில் நிறுத்தினார்கள். ரயில் நகரத் தொடங்கியதும் அடியிலிருந்து ஆரோகணம் போல ஏறுவரிசை ஒலிக்கும். ஜப்பானியர்கள் இதை 'தோ-ரே-மி-ஃபா இன்வெர்ட்டர்' என்று அழைத்தார்கள். 1998இல் வந்த 2100 வகையில் தொடங்கிய இந்த ஒலி, 1000 வகையின் ஆரம்பத் தொகுதிகளிலும் தொடர்ந்தது. கருவிகள் பழசானதும் ஒவ்வொன்றாக ஜப்பானியத் தயாரிப்புகளுக்கு மாற்றினார்கள். கடைசியாகப் பாடிய ரயிலும் 2021இல் நின்றுபோயிற்று. புதிய கருவி மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது, சத்தமும் குறைவு என்பதை மறுக்க முடியாது. நிர்வாகம் செய்தது சரியான வேலை. எனக்கோ இன்னமும் வருத்தம்தான். மூன்று சுரம் ஏறுவதற்குள் பெட்டியில் ஏதாவது ஒரு குழந்தை சிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வருத்தம் புரியும்.

2007இல் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறினார்கள். பராமரிப்புச் செலவு குறையும், பூச்சு தேவையில்லை என்பது கணக்கு. கெய்க்யூவில் ரயில் என்றால் சிவப்பு என்று ஊரே பழகியிருந்தது. புதிய பெட்டிகளில் சிவப்பும் வெள்ளையும் ஒட்டுப்படப் பட்டைகளாக மட்டும் வந்தன. கதவுகளும் ஜன்னலைச் சுற்றிய பகுதியும் வெள்ளி நிறத்திலேயே இருந்தன. ரயில் பிரியர்கள் அந்தத் தொகுதிகளுக்கு 'கின்சென்', அதாவது வெள்ளி ஆயிரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நிறத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது உள்ளே நடந்த மாற்றம். முன்பார்வை இருக்கை போய்விட்டது. அலுமினியப் பெட்டிகளின் ஓரங்களில் நான்கு பேர் எதிரெதிரே அமரும் இருக்கைகள் இருந்தன, அவையும் போய் எல்லாம் சுவரோரமான நீள இருக்கைகள் ஆயின. நெரிசல் நேரத்தில் அதிகம் பேர் நிற்க முடியும் என்பது உண்மை, அந்த நேரத்தில் நானும் அதன் பலனை அனுபவிக்கிறேன். பகல் நேரத்தில் மிசாகிகுச்சிக்குப் போகும்போதுதான் அந்த இழப்பு தெரியும். வழி நெடுக எதிர் வரிசைக்காரரின் முகத்தையும் அவர் தலைக்குப் பின்னால் ஓடும் காட்சியையும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டும்.

நான் இந்த ரயிலை இவ்வளவு மதிப்பதற்குக் காரணம், அடுத்து நடந்தது. நிர்வாகம் அந்த முடிவிலேயே பிடிவாதமாக நிற்கவில்லை. பின்னால் வந்த தொகுதிகளில் ஒட்டுப்படம் பக்கம் முழுவதையும் மூடும் அளவுக்கு வளர்ந்தது. 2018இல் வந்த தொகுதியில் எஃகு உடலின் மேலேயே முழுமையாகச் சிவப்புப் பூச்சு அடித்துவிட்டார்கள். பூச்சு வேண்டாம் என்று வாங்கிய உலோகத்துக்குப் பூச்சு அடிப்பது கணக்கர் ஒருவருக்கு வீண்செலவாகத் தெரியலாம். தன் ஊர் ரயிலின் நிறத்தை ஊர்க்காரர்கள் எப்படி நினைக்கிறார்கள் என்று கவனித்த நிறுவனம் செய்யும் வேலை அது என்றே நான் நினைக்கிறேன். பெட்டி ஓரத்து எதிரெதிர் இருக்கைகளும் திரும்பி வந்தன, மின்சாரம் எடுக்கும் பிளக்கோடு. மடிக்கணினியோடு அலைகிறவர்களுக்கு அந்த ஓரம்தான் முதல் குறி.

காலை நெரிசலைப் பற்றிச் சொல்லாமல் இந்த அனுபவம் முழுமையாகாது. காலையில் ஷினகவா நோக்கிப் போகும் விரைவு ரயில்கள் 12 பெட்டிகளோடு ஓடுகின்றன. எட்டுப் பெட்டி ரயில் கனசாவா-புன்கோ நிலையத்துக்கு வந்ததும் அங்கே தயாராக நிற்கும் நான்கு பெட்டிகளை இணைக்கிறார்கள். அசகுசா பாதையில் எட்டுப் பெட்டிக்குமேல் நிற்க இடமில்லை என்பதால் ஷினகவாவில் அந்த நான்கைக் கழற்றிவிடுகிறார்கள். இணைப்பு நடப்பதைப் பார்த்தால் வியப்பு வரும். மெதுவாக வந்து முட்டி, கொக்கி விழுந்து, மின் இணைப்பும் காற்று இணைப்பும் ஒன்றாகச் சேர்ந்து, கதவு மூடிக் கிளம்பிவிடும். இணைக்கப்படும் நான்கு பெட்டிகளும் புன்கோவில் காலியாகத் தொடங்குபவை. காமிஓஓகா வரும்போது அவற்றில் மூச்சுவிட இடம் இருக்கும். இந்த ஒரு விவரம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையே காலைப்பொழுதே வேறாகிவிடும்.

நிற்பவரின் கணக்கில் 1000 வகைக்கு நல்ல மதிப்பெண்தான். கிளம்பும் வேகம் வினாடிக்கு மணிக்கு 3.5 கிலோமீட்டர் என்ற விகிதத்தில் ஏறுவது. இது புறநகர் ரயிலுக்கு மிகச் சுறுசுறுப்பான தொடக்கம். பிடி இல்லாமல் நின்றால் ஓரடி பின்னால் வைக்கவேண்டிவரும். பிடித்து நிற்பவருக்கு உதறல் தெரியாது, வேகம் சீராக ஏறும். கதவுகளுக்கு நடுவே எட்டுப் பேர் அமரும் நீள இருக்கை ஒவ்வொருவருக்கும் குழிந்து இருப்பதால், யார் எங்கே அமரவேண்டும் என்ற தள்ளுமுள்ளு குறைவு. ஆரம்பத் தொகுதிகளில் கதவின் மேல் எழுத்து ஓடும் பலகை மட்டுமே இருந்தது. புதியவற்றில் எல்சிடி திரைகள், பல மொழிகளில். ஹனேடாவிலிருந்து பெட்டிப்படுக்கையோடு வருகிறவர்கள் அந்தத் திரையை நம்பித்தான் கெய்க்யூ கமாட்டாவில் ரயில் மாறுகிறார்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கெய்க்யூ தன் ரயில்களின் முதல் பெட்டியில் மோட்டார் இருக்கவேண்டும் என்பதை நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கிறது. முகப்பு கனமாக இருந்தால், ஏதாவது மோதினாலும் ரயில் எளிதில் கவிழாது என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. 2019 செப்டம்பர் 5 அன்று கனகவா-ஷின்மாச்சி நிலையத்தை ஒட்டிய லெவல் கிராசிங்கில் சிக்கிநின்ற லாரி மீது 1000 வகை ரயில் ஒன்று மோதியது. முன் பெட்டிகள் தடம்புரண்டன. லாரி ஓட்டுநர் உயிரிழந்தார், பயணிகள் பலர் காயமடைந்தார்கள். முதல் பெட்டி சாய்ந்தது, ஆனால் முற்றிலும் கவிழவில்லை. அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கணம் என் கை கைப்பிடியை இறுகப் பற்றுகிறது. இவ்வளவு வேகமான பாதையில் இன்னும் லெவல் கிராசிங்குகள் இருக்கின்றன என்பது எந்தப் பெட்டியின் தரத்தாலும் முழுமையாகத் தீராத கவலை. கமாட்டா பகுதியில் 2012இல் பாதையை மேலே ஏற்றியதைப் போல மற்ற இடங்களிலும் நடக்கவேண்டும் என்பது என் ஆசை.

இனி கடைசித் திருப்பம். 2021 மே மாதத்தில் ஓடத் தொடங்கிய நான்கு பெட்டி ரயில்களும் 1000 வகைதான். பின்னாளில் அவற்றுக்கு 'லு சியேல்' என்று பெயர் சூட்டினார்கள். சாதாரண நேரத்தில் இருக்கைகள் சுவரோரமாக இருக்கும். தேவைப்படும்போது தானாகவே திரும்பி, இருவர் இருவராக முன்நோக்கி அமரும்படி மாறிக்கொள்ளும். இருக்கைகளில் பிளக் உண்டு. கெய்க்யூவில் கழிவறையோடு வந்த முதல் ரயில் இதுதான். 2022இல் ஜப்பான் ரயில் ஆர்வலர் சங்கத்தின் நீல ரிப்பன் விருது இதற்குக் கிடைத்தது. பொதுவாக அந்த விருது சொகுசு எக்ஸ்பிரஸ் ரயில்களுக்குப் போகும். நீள இருக்கையில் ஓடும் ரயில் அதைப் பெற்றதில் எனக்குச் சொந்த வீட்டு மகிழ்ச்சி. கட்டணம் எதுவும் கூடுதலாகக் கொடுக்காத சாதாரண ஓட்டத்திலும் இந்தப் பெட்டி வந்து நிற்கும். முதுகுப்பகுதி உயரமாக இருப்பதால் நீள இருக்கையாக இருக்கும்போதும் தலையைச் சாய்க்க முடிகிறது. வேலை முடிந்து வரும் மாலையில் இதன் அருமை தெரியும். முதியவர்களோடும் சிறு குழந்தைகளோடும் மியுரா தீபகற்பத்துக்குப் போகிறவர்களுக்குக் கழிவறை இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதன்முறையாக ஏறப்போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த வழி இது. ரயில் வரும்போது பக்கத்தைப் பாருங்கள். ஜன்னலைச் சுற்றி வெள்ளியாக இருந்தால் நீள இருக்கை. முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாக இருந்து, முகப்புக் கதவு நடுவில் இல்லாமல் ஒதுங்கி இருந்தால் பெட்டியின் ஓரங்களுக்குப் போங்கள், எதிரெதிர் இருக்கை கிடைக்க வாய்ப்பு உண்டு. அதுவே பழைய அலுமினிய ரயில் என்றால் முதல் பெட்டியின் முதல் கதவுதான் உங்கள் இடம். யோகோஹாமாவில் நிறையப் பேர் இறங்குவார்கள், அப்போது முன் இருக்கை காலியாகலாம். அங்கிருந்து தெற்கே கனசாவா-ஹக்கெய் தாண்டியதும் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், யோகோசுகா-சூவோ இரண்டு சுரங்கங்களுக்கு நடுவிலேயே நிற்கும். ஹொரினொஉச்சியில் பாதை பிரிந்து, கெய்க்யூ குரிஹாமாவுக்கு அப்பால் கடல் ஒரு கணம் தெரியும், பிறகு முட்டைக்கோசும் முள்ளங்கியும் விளையும் வயல்கள். மிசாகிகுச்சியில் இறங்கினால் துறைமுகத்துக்குப் பஸ் இருக்கிறது. சூரை மீன் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் அங்கேதான்.